வாய் மெல்லிய மீனுக்கு எந்த ராடு, எந்த நரம்பு, எந்த முள்? பெங்களூரு தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூருவைச் சுற்றியுள்ள ஏரிகளிலும், காசு கட்டிப் பிடிக்கும் குளங்களிலும், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து அணைகளிலும் ரோகு, கட்லா, கெண்டை பிடிப்பவர்களுக்கான பக்கம் இது. விரால் பிடிக்க வாங்கிய ராடையே ரோகுவுக்கும் தூக்கிக்கொண்டு போய், "மாட்டுது, ஆனா கரைக்கு வர்றதில்ல" என்று திரும்புகிறவர்கள்தான் இந்தக் கேள்விகளை அதிகம் கேட்கிறார்கள்.

எந்த மீனுக்கெல்லாம் வாய் மெல்லியது?

கெண்டைக் குடும்பத்தில் நாம் பிடிக்கும் மீன்கள் எல்லாவற்றுக்கும். ரோகு, கட்லா, மிர்கால், சாதா கெண்டை, புல் கெண்டை எதற்கும் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பல் தொண்டைக்குள் இருக்கிறது. இரையை உதட்டால் உறிஞ்சி, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். அதனால் தூண்டில் முள் பெரும்பாலும் உதட்டுச் சதையில்தான் ஏறும். விராலுக்கு எலும்புத் தாடை. அங்கே முள்ளை உள்ளே ஏற்றுவதுதான் பாடு. இங்கே ஏறிய முள் கிழித்துக்கொண்டு வெளியே வராமல் பார்ப்பதுதான் பாடு.

எல்லாக் கெண்டைக்கும் வாய் ஒன்றுபோல இருக்காது. சாதா கெண்டையின் கீழ் உதடு தடிப்பு. நடுவில் ஏறினால் முள் சுலபத்தில் விடாது. ரோகுவின் உதட்டோரம் ஜரிகை போலப் பிசிறு பிசிறாக இருக்கும்; பிசிறில் மாட்டினால் நிற்காது. கட்லாவுக்கு வாய் பெரிது, மேல்நோக்கித் திறக்கும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே தாள் மாதிரி ஒரு சவ்வு உண்டு. அதில் முள் ஏறினால் மீன் தலையை இரண்டு உதறு உதறியதும் ஓட்டை அகன்று, தூண்டில் நரம்பு தளர்ந்த நொடியில் முள் தானாக விழுந்துவிடும்.

உதடு கிழிவதற்கு மீனின் பலம்தானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. ஒரே சீராக இழுக்கும்வரை மெல்லிய உதடும் நிறையவே தாங்கும். திடீரென்று வரும் குலுக்கலைத்தான் தாங்காது. மீன் தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ராடின் வளைவு, நரம்பின் இழுபடும் தன்மை, மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக் என்று மூன்று இடம் உண்டு. மூன்றும் விறைப்பாக இருந்தால் அதிர்ச்சி முழுவதும் உதட்டில் போய் இறங்கும்.

"எத்தனை கிலோ தாங்கும்" என்று கேட்டுச் சாமான் வாங்கும் பழக்கம் இங்கேதான் காலை வாருகிறது. 15 கிலோ தாங்கும் நரம்பு போட்டாலும் மீனின் உதடு 15 கிலோ தாங்கப்போவதில்லை. உதட்டை அளவாக வைத்துத்தான் மற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் ராடைக் கையில் எடுத்ததும் என்ன பார்க்க வேண்டும்?

ராடை ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வளையங்கள் வழியே நரம்பைக் கோத்து, நுனியிலிருந்து தொங்கும் முனையைக் கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக இழுக்கச் செய்யுங்கள். மேல் கால் பங்கு மட்டும் மடங்கி, கீழே கம்பி மாதிரி நின்றால் அது விராலுக்கும் லூருக்குமான (செயற்கை இரைக்கான) ராடு. நுனியில் தொடங்கிய வளைவு, இழுக்க இழுக்க நடுவுக்கு இறங்கி, கைப்பிடிக்கு ஒரு முழம் மேலே வரைக்கும் வந்தால் அதுதான் நமக்கு வேண்டியது.

அடுத்தது டெஸ்ட் கர்வ். கைப்பிடியை மட்டமாக வைத்து, நுனி நேர் கீழே தரையைப் பார்க்கும்வரை வளைக்க எவ்வளவு எடை வேண்டுமோ அதுதான் அந்த எண். பவுண்டில் எழுதியிருப்பார்கள், 1 பவுண்டு சுமார் 454 கிராம். ராடில் எண் இல்லாவிட்டால் வீட்டிலேயே அளந்துவிடலாம். கைப்பிடியை மேசை ஓரத்தில் யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ள, நரம்பு முனையில் காலி தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நுனி நேர் கீழே திரும்பும்போது பாட்டிலில் எத்தனை மில்லி இருக்கிறதோ அத்தனை கிராம்.

1 முதல் 3 கிலோ ரோகு, மிர்கால், கெண்டைக்கு 1.25 முதல் 1.5 பவுண்டு, அதாவது 570 முதல் 680 கிராம் போதும். 4 கிலோவுக்கு மேல் கட்லா வரும் தண்ணீர் என்றால் 1.75 முதல் 2.25 பவுண்டு. 2.75, 3 பவுண்டு என்று விற்கும் கெண்டை ராடுகள் கனமான ஈயத்தை வெகுதூரம் எறிவதற்காகச் செய்தவை. நம் ஏரிகளில் முக்கால்வாசி மீன் கரையிலிருந்து 30 மீட்டருக்குள்தான் மேய்கிறது. அந்தத் தூரத்தில் 3 பவுண்டு ராடு 2 கிலோ ரோகுவின் வாயைப் பிய்த்துத்தான் கொடுக்கும்.

வளையங்களுக்குள் காதில் வைக்கும் பஞ்சுக்குச்சியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சு சிக்கினால் உள்ளே விரிசல் இருக்கிறது. புது நரம்பும் ஒரே நாளில் பிசிறு தட்டிவிடும்.

கார்பனா, ஃபைபர் கிளாஸா?

கார்பன் உயர்வு, ஃபைபர் கிளாஸ் மட்டம் என்ற எண்ணம் இந்த மீன்களுக்குப் பொருந்தாது. ஃபைபர் கிளாஸ் எடை கூடுதல், எறியும் தூரம் குறைவு. ஆனால் மெதுவாக, அடிவரை வளையும். கரையோரம் தக்கை போட்டுப் பிடிப்பவருக்கு அது போதும், காசும் மிச்சம். நாள் முழுக்க ராடைக் கையிலேயே பிடித்திருப்பவர்கள் இரண்டும் கலந்த காம்போசிட் வாங்கலாம். மலிவான கார்பன் ராடுதான் ஆபத்து. அதில் எடை குறைவதோடு விறைப்பும் ஏறியிருக்கும்.

டெலஸ்கோப் ராடு வாங்கலாமா?

பஸ்ஸிலும் பைக்கிலும் போகிறவர்களுக்கு வசதி. ஒவ்வொரு இணைப்பிலும் வளைவு தடைபடுவதால் இரண்டு துண்டு ராடின் சீரான வளைவு வராது. வாங்கினால் துண்டுகள் நீளமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் உள்ளதைப் பாருங்கள். மண் புகுந்த இணைப்பைத் துடைக்காமல் மடக்கினால் அடுத்த தடவை திறக்க வராது.

எவ்வளவு நீளம்?

10 முதல் 12 அடி. நீளம் கூடக்கூட வளைய இடம் கூடும். கரையோரச் செடி, ஆகாயத்தாமரைக்கு மேலே நரம்பைத் தூக்கியும் பிடிக்கலாம். நம் ஏரிகளில் கல் பாவிய சரிவுக் கரைகள் அதிகம். 7 அடி ராடோடு நின்றால் கடைசி நேரத்தில் நரம்பு கல்லில் உரசும். தலைக்கு மேல் மரக்கிளை நெருக்கமாக உள்ள இடங்களில் மட்டும் 8 அடி.

பிரெய்டு நரம்பு போட்டால் கடி நன்றாகத் தெரிகிறதே?

தெரியும். உதடு கிழிவதும் நன்றாகத் தெரியும். பல இழை பின்னிய பிரெய்டு கிட்டத்தட்ட நீளாது. ஒற்றை இழை நைலானான மோனோ நன்றாக நீளும். பத்தில் ஒரு பங்கு நீண்டாலே 30 மீட்டரில் 3 மீட்டர் மெத்தை கிடைக்கிறது.

ஏற்கெனவே ரீலில் பிரெய்டு இருந்தால் கழற்ற வேண்டாம். முன்னால் 8 முதல் 10 மீட்டர் மோனோ சேருங்கள். முடிச்சு வளையத்தில் தட்டாமல் போகிறதா என்று எறிவதற்கு முன் இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். டிராக்கையும் ஒரு படி தளர்த்த வேண்டும்.

மோனோவில் சாதாரண ஏரிக்கு 0.28 மி.மீ.; பாசியும் கல்லும் உள்ள இடத்துக்கு 0.30 முதல் 0.33. வெயிலில் கிடந்த நைலான் பார்க்கப் பளபளவென்றிருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும். கையில் சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று போட்டு வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் அறுந்தால் முதல் 20 மீட்டரை வெட்டி எறியுங்கள். அப்போதும் அறுந்தால் முழுதும் மாற்ற வேண்டியதுதான்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

கையால் இழுத்துப் பார்த்து வைப்பதால்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. காய்கறிக்காரர் கொக்கித் தராசு, இல்லையென்றால் பெட்டி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். நரம்பை வளையங்கள் வழியே கோத்துத் தராசில் கட்டுங்கள். ராடை மீன் இழுக்கும்போது பிடிக்கிற கோணத்தில், ஏறக்குறைய 45 டிகிரி, பிடித்துக்கொண்டு இன்னொருவரைத் தராசோடு பின்னால் நடக்கச் சொல்லுங்கள். ரீல் நரம்பை விடத் தொடங்கும் இடத்தில் தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ராடை நேராக நீட்டி அளந்தால் எண் குறைவாக வரும். வளைந்த ராடில் வளையங்களின் உராய்வும் சேர்ந்துகொள்ளும்.

4.5 கிலோ தாங்கும் நரம்புக்குப் பொது விதிப்படி நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1.1 முதல் 1.5 கிலோ வைக்கலாம். வாய் மெல்லிய மீனுக்கு அந்தக் கீழ் எல்லையைத் தாண்ட வேண்டாம். 800 கிராம் முதல் 1.1 கிலோ. பாசிக்குள் ஓடப் பார்க்கும் மீனை ராடைச் சாய்த்துத் திருப்புங்கள். அதுவும் போதாவிட்டால் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் விளிம்பில் ஒரு விரலை லேசாக வையுங்கள். மீன் நடுவில் இருக்கும்போது டிராக் குமிழைத் திருகி இறுக்குவதுதான் அதிகமான மீனைத் தொலைக்கிறது.

அளவைவிட முக்கியம், டிராக் எப்படித் தொடங்குகிறது என்பது. முதலில் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு வெடுக்கென்று விடுகிற ரீல் எவ்வளவு விலையானாலும் இந்த மீனுக்கு ஆகாது. தராசு 1.6 கிலோ வரை ஏறி, நரம்பு நகர்ந்ததும் 1 கிலோவுக்கு விழுந்தால் உள்ளே ஃபெல்ட் வட்டுகள் காய்ந்தோ அழுக்கேறியோ இருக்கின்றன. கழற்றித் துடைத்து, டிராக் கிரீஸ் மிக மெல்லிசாகத் தடவுங்கள். வீட்டில் வைக்கும்போது டிராக்கை முழுக்கத் தளர்த்தி வைத்தால் வட்டு நசுங்காது.

ரீல் 3000 அல்லது 4000 அளவு போதும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நரம்பு நிரம்பியிருக்கட்டும்.

முள் பெரிதாக இருந்தால் நன்றாகப் பிடிக்குமா?

கம்பியின் தடிமனைப் பாருங்கள். மெல்லிய கம்பி கத்தி மாதிரி சதையை அறுத்துக்கொண்டே போகும். நடுத்தரத் தடிமன் கம்பி அப்படி அறுக்காமல் தாங்கி நிற்கும். வாய் அகலமான, குட்டைத் தண்டு முள் நல்லது. கூடுதல் சதையைப் பிடிக்கும், நெம்பி வெளியே வருவது குறைவு. எண் ஏற ஏற முள் சிறிதாகும் என்பது தெரிந்திருக்கும். சின்ன ரோகுவுக்கு 10 அல்லது 8, 2 கிலோ அளவுக்கு 8 அல்லது 6, பெரிய கட்லாவுக்கு 4 அல்லது 2.

கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் பாருங்கள். முனையை நகத்தில் சாய்த்து இழுத்தால் கோடு கிழித்து நிற்க வேண்டும், வழுக்கினால் மாற்றிவிடுங்கள். மழுங்கிய முள் உள்ளே இறங்க வேகமான சுண்டல் கேட்கும்; அந்தச் சுண்டல்தான் உதட்டைக் கிழிக்கும்.

எதிர்முள்ளை (முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கூரை) பிளையரால் நசுக்கிவிடலாம். நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டால் மீன் கழலாது; கழற்றும்போது சதையும் பிய்யாது.

ராகி உருண்டையை முள்ளில் பொதிந்தால் மீன் எடுக்கிறது, முள் ஏறுவதில்லை. ஏன்?

மாவு முள்முனையை மூடியிருக்கிறது. ராகிக் களியைக் கெட்டியாகக் கிளறி, கோதுமை மாவு கொஞ்சம் சேர்த்துப் பிசைந்தால் பிடிப்பு வரும், ஆனால் முனை வெளியே தெரிய வேண்டும். இதைவிட நல்லது ஹேர் ரிக்: இரையை முள்ளில் குத்தாமல், முள்வளைவிலிருந்து 10 முதல் 15 மி.மீ. நீளத் துணை நரம்பில் கட்டித் தொங்கவிடுவது. மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள் கூடவே உள்ளே போகும்; துப்பும்போது கீழ் உதட்டின் தடித்த நடுவில் குத்தும். ஊறவைத்து வேகவைத்த மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும் ஹேரில் நன்றாக நிற்கும். பச்சையாகக் காய்ந்த தானியத்தைப் போடாதீர்கள்.

ஸ்பிரிங்கில் நாலைந்து முள் கட்டிப் போடுவது?

கம்பிச் சுருளில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பொத்தி, சுற்றி முள் தொங்கவிடும் அந்த ஏற்பாடு நிறைய மீன் பிடிக்கும், மறுக்கவில்லை. ஒரு முள் உதட்டில் ஏறியதும் மற்றவை கண்ணிலும் செவுளிலும் வயிற்றிலும் மாட்டும். வயிற்றில் மாட்டிய மீன் பக்கவாட்டில் இழுபட்டு வரும்போது கனம் பல மடங்காகத் தெரியும். நனைந்த மாவோடு சுருள் 70, 80 கிராம் வந்துவிடும். 1.5 பவுண்டு ராடு தாராளமாக எறியக்கூடியது 40 கிராம்தான். போதாததற்கு, மீன் தலையை உதறும்போது அந்தக் கனமும் சேர்ந்து ஊசலாடி முள்ளை நெம்பும். ஒரே முள், 20 முதல் 30 கிராம் ஓடும் ஈயம் போதும். ஈயத்தின் நடுவே நரம்பு வழுக்கிப் போக வேண்டும். மாவைக் கையால் உருட்டித் தனியாக எறியுங்கள்.

கடித்ததும் எப்படிச் சுண்டுவது?

சுண்டவே வேண்டாம். தக்கை சாய்ந்து இறங்கினால் ரீலைச் சுற்றித் தளர்வை எடுத்து, கனம் தெரிந்ததும் ராடை மணிக்கட்டால் உயர்த்துங்கள். அவ்வளவுதான். கூர்மையான முள்ளுக்கு அது போதும்.

கரைக்கு இரண்டு மீட்டர் வரை வந்து கழன்றுவிடுகிறது. எல்லா மீனும் அங்கேதான் போகிறது.

ஆச்சரியமில்லை. 30 மீட்டரில் இருந்த நரம்பின் மெத்தை இப்போது 2 மீட்டராகச் சுருங்கிவிட்டது. முன்பு 3 மீட்டர் நீண்ட இடத்தில் இப்போது 20 சென்டிமீட்டர்கூடச் சரியாக நீளாது. அதே நேரம் வலையையும் ஆளையும் பார்த்து மீன் கடைசி ஓட்டம் ஓடும். புல் கெண்டை இதில் பேர்போனது. கட்டை மாதிரி அமைதியாக வந்து, வலையைக் கண்டதும் வெடிக்கும். தொலைவில் சரியாக இருந்த டிராக் இங்கே இறுக்கம். அதனால் மீன் 5 மீட்டருக்குள் வரும் முன்பே, அது அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, 600 கிராம் அளவுக்குத் தளர்த்திவிடுங்கள். எத்தனை கிளிக் திருப்பினால் 600 என்பதை வீட்டிலேயே தராசில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராடைத் தலைக்கு மேல் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள். அப்போது நுனி மட்டும் மடங்கும்; அடிப்பகுதி வேலை செய்யாது. மீனை நோக்கி நீட்டினாலும் வளைவு போய்விடும். பக்கவாட்டில், இடுப்புயரத்தில் சாய்த்துப் பிடியுங்கள்.

வலையை முதலிலேயே தண்ணீரில் மூழ்கவைத்து அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மீன் மூச்சுவாங்கி ஒருக்களித்ததும், தலை முன்னால் வர, வலையின் மேலே இழுத்துக் கொண்டுவாருங்கள். உடல் முழுக்க விளிம்பைத் தாண்டியதும் வலையை உயர்த்துங்கள். வலையால் மீனைத் துரத்தினால் விளிம்பு நரம்பில் தட்டி எல்லாம் முடிந்துவிடும். வாய் 60 முதல் 80 செ.மீ. அகலம், கைப்பிடி குறைந்தது 6 அடி. முடிச்சில்லாத வலையோ ரப்பர் வலையோ நல்லது. சாதா கெண்டையின் முதுகுத்துடுப்பில் ரம்பம் மாதிரி பல் வைத்த ஒரு முள் உண்டு. முடிச்சு வலையில் அது சிக்கினால் எடுப்பதற்குள் மீன் பாதி செத்துவிடும்.

நரம்பைக் கையில் பிடித்து மீனைக் கரைக்குத் தூக்குவது மட்டும் கூடவே கூடாது. தண்ணீருக்குள் காற்றுப்பையின் தயவில் மீனுக்குக் கனமே இல்லை. வெளியே வந்த கணமே 2 கிலோ முழுவதும் அந்த ஒரு துளைச் சதையில் தொங்கும்.

உதடு கிழிந்ததா, முடிச்சு விட்டதா என்று எப்படித் தெரியும்?

நரம்பு முனையைப் பாருங்கள். முள் இல்லாமல் முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது; அடுத்த முறை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள், சுற்று ஐந்து ஆறு வையுங்கள். முனை பிசிறாகச் சொரசொரவென்றிருந்தால் கல்லோ, வளையத்தின் விரிசலோ. முள் இருந்து அதில் செதில் ஒட்டியிருந்தால் மீன் வாயில் மாட்டவேயில்லை, உடம்பில் மாட்டியது. முள்ளில் வெள்ளைச் சதைத் துணுக்கு இருந்தால் உதடு கிழிந்திருக்கிறது. முள் நிமிர்ந்திருந்தால் கம்பி மெலிசு, டிராக் இறுக்கம் இரண்டும். சுத்தமான முள் மட்டும் வந்தால் நரம்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. மீன் உங்களை நோக்கி ஓடிவந்தபோது ரீலைச் சுற்றும் வேகம் போதவில்லை.

பிடித்ததைத் திரும்ப விடுவதானால்?

கையை நனைத்துக்கொள்ளுங்கள். சுடும் சிமெண்டுக் கரையில் போடாமல், நனைத்த ரெக்சின் விரிப்பில் வைத்து, ஃபோர்செப்ஸால் முள் ஏறிய வழியிலேயே பின்னுக்குத் தள்ளிக் கழற்றுங்கள். தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்து, தானே வாலை அடித்துப் போகும்வரை விடாதீர்கள். சாக்கடை கலக்கும் நகர ஏரிகளில் பிடித்ததைச் சமைக்க வேண்டாம்.

எங்கே பிடிக்கலாம்? மசீர் பிடிக்க இதே சாமான் போதுமா?

கர்நாடக ஏரிகள் பலவற்றில் மீன் உரிமை மீன்வளத்துறை மூலம் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் வம்பு. நகரத்துக்குள் பல ஏரிகளில் தடைப் பலகையே உண்டு. திப்பகொண்டனஹள்ளி குடிநீர் நீர்த்தேக்கம், அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். ஓசூர் கெலவரப்பள்ளி தமிழ்நாட்டு அணை. அங்கே இங்குள்ள அனுமதி செல்லாது.

மசீரும் கெண்டைக் குடும்பம்தான், ஆனால் உதடு தோல்வார் மாதிரி தடிப்பு. அதன் கதையே வேறு. பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்கலி முகாம்களில் முன்பு நடந்த தூண்டில் மீன்பிடி, காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருவதால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிறுத்தப்பட்டது. காவிரியின் திமில் மசீர் 2018 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலில் மிக அருகிவரும் இனம். அதைத் தேடிப் போகாதீர்கள்.

ஜிலேபி மீனுக்கு?

இவ்வளவு யோசிக்க வேண்டாம். மெல்லிய ராடு, 0.20 நரம்பு, 10ஆம் எண் முள், மண்புழு.

கையில் இருப்பது விறைப்பான ராடு, புதிது வாங்க இப்போது காசில்லை. என்ன செய்வது?

ராடை மாற்றாமல் மெத்தையை வேறு இடத்தில் சேர்க்கலாம். பிரெய்டு இருந்தால் மோனோவாக்குங்கள். டிராக்கை 700 கிராமுக்கு இறக்குங்கள். ஈயத்துக்கும் முள்நரம்புக்கும் நடுவே 15 முதல் 20 செ.மீ. பவர் கம் கட்டுங்கள். ரப்பர் போல் நீளும் அந்தத் துண்டு கரையோர உதறலை நன்றாக வாங்கிக்கொள்ளும். வெயிலில் அது வெளுத்துப் பிசுபிசுக்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கப் பணம் சேரும்போது முதலில் வலை, அடுத்து முள், பிறகு ராடு, கடைசியில் ரீல் என்று வாங்குங்கள். கடைக்காரர் தலைகீழாகத்தான் சொல்வார்.